ரேமில் 3600 என்று எழுதியிருக்கிறது, 2133-ல் ஓடுகிறது: கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

கரூர் பக்கத்திலிருந்து, திருமண வீடியோ எடிட்டிங் தொழில் செய்யும் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், கடை விவரம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கியிருக்கிறார். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் (நினைவகம்) இரண்டு. ரேம் பெட்டியில் டிடிஆர்4 3600 என்று அதன் வகையையும் வேகத்தையும் பெரிதாகப் போட்டிருந்தது. போன மாதம் 4கே வீடியோவுக்கு நினைவகம் போதவில்லை என்று அதே நிறுவனத்தின் அதே மாடலில் இன்னொரு ஜோடியை ஆன்லைனில் வாங்கி, நான்கு ஸ்லாட்டையும் நிரப்பியிருக்கிறார். அப்போது வீட்டுக்கு வந்த மச்சினன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, இது 2133-லதான் ஓடுது" என்று சொல்லியிருக்கிறார். இன்னொரு மென்பொருளில் பார்த்தால் அது 1066 என்று காட்டுகிறது. பாதிக்குப் பாதி போய்விட்டதே என்று இவருக்குப் பதற்றம்.

யூடியூப் பார்த்து, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் செட்டிங் பகுதியான பயாஸில், ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்திருக்கிறார். திரை கறுப்பாகவே இருந்து, ஃபேன் சுற்றி நின்று, மூன்று முறை தானாக ரீஸ்டார்ட் ஆகி, பழையபடி 2133-க்கே திரும்பிவிட்டது. இன்னொரு வீடியோவில் சொன்னபடி ரேம் வோல்டேஜை 1.45 வைத்ததும் விண்டோஸ் வந்துவிட்டது. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் ஒரு எக்ஸ்போர்ட் பாதியில் நின்றது. முடிந்த இன்னொரு வீடியோவில் நடுவே பச்சைக் கட்டங்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டார்.

அவர் கேட்பது: "அண்ணா, கடையில் என்னை ஏமாற்றிவிட்டார்களா? நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? புதிதாக வாங்கியது டூப்ளிகேட்டா? நான் காசு கொடுத்தது 3600-க்கு. அதை எப்படியாவது வரவழைக்க வழி சொல்லுங்கள். நாலு கல்யாண வேலை கையில் இருக்கிறது."

தம்பி, கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த நாலு கல்யாணம்தான் எனக்கு இந்தக் கடிதத்திலேயே பெரிய விஷயமாகப் படுகிறது. மற்றதுக்கு அப்புறம் வருகிறேன். இப்போதைக்கு 2133-லேயே விடுங்கள். அந்த மூன்று நாளில் கேமரா கார்டிலிருந்து எதையாவது கம்ப்யூட்டருக்கு காப்பி செய்திருந்தால், அந்தக் கார்டுகளை ஃபார்மட் செய்யாதீர்கள். ஏன் என்று கீழே விவரமாகச் சொல்கிறேன்.

1066-ம் 2133-ம் ஒன்றுதான்

முதலில் ஒரு பயத்தை எடுத்துவிடுவோம். டிடிஆர் ரேம் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் இரண்டு முறை தகவலை அனுப்பும். நீங்கள் பார்த்த மென்பொருள் சிபியு-இசட் ஆக இருக்கும். அது துடிப்பைக் காட்டுகிறது, டாஸ்க் மேனேஜர் அனுப்பும் எண்ணிக்கையைக் காட்டுகிறது. 1066 சொச்சத்தை இரண்டால் பெருக்கினால் 2133. பாதிக்குப் பாதி எதுவும் போகவில்லை. நாளைக்கே எல்லாம் சரியாகி 3600-ல் ஓடினாலும் அந்த மென்பொருள் 1800 என்றுதான் காட்டும். அதைப் பார்த்து மறுபடியும் பதறாதீர்கள்.

2133 எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு ரேமிலும் ஜாதகம் மாதிரி ஒரு சின்ன சிப் இருக்கிறது. இந்த ரேம் எந்தெந்த வேகத்தில், எவ்வளவு வோல்டேஜில் ஓடும் என்று அதில் எழுதியிருக்கும். அதில் இரண்டு பகுதி. ஒன்று, ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த பொதுவான வேகங்கள். டிடிஆர்4-க்கு அந்தக் கணக்கு 1.2 வோல்ட்டில், 3200-ஐத் தாண்டாது. இன்னொன்று, ரேம் நிறுவனம் தன் பொறுப்பில் சோதித்துப் பார்த்து எழுதிய எக்ஸ்எம்பி. உங்களுடைய 3600-ம், அதற்கு வேண்டிய 1.35 வோல்ட்டும் அங்கேதான் இருக்கும். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் மதர்போர்டு முதல் பகுதியிலிருந்து பத்திரமான ஒரு வேகத்தை எடுத்துக்கொள்ளும். 3600 என்று விற்கிற பல ரேம்களில் அது 2133-தான்.

எக்ஸ்எம்பி இன்டெல் வைத்த பெயர். உங்கள் ஏஎம்டி போர்டில் அதையே சில நிறுவனங்கள் டிஓசிபி என்றும், சில ஏ-எக்ஸ்எம்பி என்றும் போட்டிருக்கும். எல்லாம் ஒன்றே. அதை யாராவது ஒரு முறை போய் ஆன் செய்ய வேண்டும். உங்கள் கடையில் அதைச் செய்யாமல் விட்டிருக்கலாம். மூன்று வருஷமும் நீங்கள் 2133-லேயே வேலை பார்த்திருந்தால் காரணம் அவ்வளவுதான்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆரம்பத்தில் ஆன் செய்தே கொடுத்திருக்கலாம், நடுவில் அது போயிருக்கலாம். பயாஸ் அப்டேட் செய்தால் பெரும்பாலும் எல்லா செட்டிங்கும் பழைய நிலைக்குப் போய்விடும். மதர்போர்டில் இருக்கும் அந்த வட்டமான சிஆர்2032 பேட்டரி தீர்ந்தாலும் அப்படித்தான். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் கம்ப்யூட்டரில் தேதியும் மணியும் தப்பாகக் காட்டினால், பேட்டரியை மாற்றிவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

நான்கு ரேம் போட்ட இடத்தில்தான் சிக்கல்

உங்கள் கடிதத்தில் ஒரு நினைப்பு ஓடுகிறது: நான்கும் 3600, நான்கும் ஒரே மாடல், அப்படியானால் நான்கும் சேர்ந்து 3600-ல் ஓடத்தானே வேண்டும் என்று. நியாயமான நினைப்புதான், ஆனால் சரியில்லை.

உங்கள் ஊரில் போர்வெல் மோட்டார் தெரியாதவர் இருக்க மாட்டார். மோட்டார் தகட்டில் ஐந்து எச்பி என்று அடித்திருக்கும். தண்ணீர் எவ்வளவு வரும் என்பதை அந்தத் தகடா முடிவு செய்கிறது? எத்தனை அடி ஆழம், என்ன குழாய், கரண்ட் என்ன வோல்டேஜில் வருகிறது என்பதெல்லாம் சேர்ந்துதானே. ரேமும் அப்படித்தான். ஸ்டிக்கரில் உள்ள 3600 அந்த ரேம் தாங்கும் என்பதற்குச் சான்று. ஓடுகிற வேகத்தை, பிராசசருக்குள் இருந்து ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலரும் மதர்போர்டில் ஓடும் செம்புத் தடங்களும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

உங்கள் பிராசசருக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். இரண்டு ரேம் போட்டால் 3200 வரை. நான்கு போட்டால், ஒற்றை ரேங்க் ரேமாக இருக்கும்போது 2933. இரட்டை ரேங்க் என்றால் 2667. ரேங்க் என்பது ஒரு ரேமில் சிப்புகளை எத்தனை அணியாக வைத்திருக்கிறார்கள் என்பது. 8 ஜிபி ரேம்கள் பெரும்பாலும் ஒற்றை ரேங்க்தான். ஆக, நான்கு ரேமுக்கு நிறுவனமே கைகாட்டுவது 2933. அதற்கு மேல் கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் எதுவும் பழுது என்று அர்த்தமில்லை. இரண்டு ரேமிலேயே 3600 என்பது ஏஎம்டி கணக்கில் ஓவர்கிளாக்தான், அதாவது நிறுவனம் சொன்ன வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. பெரும்பாலான ரைசன் 5000 பிராசசர்கள் அதைச் சிரமமில்லாமல் செய்துவிடுவதால் எல்லோருக்கும் அது சாதாரணமாகத் தெரிகிறது.

காரணம் எளிது. ஒரே தடத்தில் இரண்டு ரேம் தொங்கும்போது சிக்னல் ஒவ்வொரு முனையிலும் மோதிக் கொஞ்சம் எதிரொலிக்கும். வேகம் கூடக்கூட, எது உண்மையான சிக்னல், எது எதிரொலி என்று பிரித்தறிய கிடைக்கும் நேரம் குறையும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திரை வருவதற்கு முன்னால் கறுப்பாக இருக்கிறதே, அந்த நேரத்தில் கன்ட்ரோலர் ஒவ்வொரு ரேமுடனும் இதைத்தான் பேசிப் பார்க்கிறது. எவ்வளவு தாமதித்துக் கேட்டால் தெளிவாகக் கேட்கிறது என்று அளந்து பார்க்கும். உடன்பாடு வரவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலும். சில முறை பார்த்துவிட்டு, பத்திரமான வேகத்துக்கே போய்விடும். உங்கள் மெஷின் மூன்று முறை ரீஸ்டார்ட் ஆனது இதனால்தான். அது கெட்டுப்போகவில்லை, செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறது.

ஒரே மாடல் என்பதும் முழு உத்தரவாதமில்லை. ரேம் நிறுவனங்களில் பெரும்பாலானவை சிப்பைத் தாங்களே செய்வதில்லை. சாம்சங், மைக்ரான், ஹைனிக்ஸ் போன்றவர்களிடம் வாங்கிப் பலகையில் பதிக்கிறார்கள். மூன்று வருஷ இடைவெளியில் ஒரே மாடல் எண்ணுக்குள் சிப் மாறியிருக்கலாம். சில நிறுவனங்கள் ஸ்டிக்கரில் வெர்ஷன் எண் ஒன்றைச் சின்னதாக அச்சிடும். உங்கள் இரண்டு ஜோடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் அந்த எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால், மாடல் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பவை வேறு வேறு. ஒரே பெட்டியில் வந்த ஜோடியைத்தான் சேர்ந்து ஓடும் என்று நிறுவனம் சோதித்து அனுப்புகிறது. தனித்தனியாக வாங்கிய இரண்டு பெட்டிகளைச் சேர்த்துப் போட்டால் அந்த உறுதி கிடையாது. அதனால்தான் "நான்கும் சேர்ந்து 3600 வரவில்லை" என்று வாரன்டிக்கு அனுப்பினால் அதைக் குறையாக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

டூப்ளிகேட்டா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. சிபியு-இசட்டில், நான் சொன்ன அந்த ஜாதக சிப்பில் உள்ளதைக் காட்டும் எஸ்பிடி என்ற பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு ஸ்லாட்டாகத் தேர்ந்தெடுங்கள். நிறுவனத்தின் பெயர், பார்ட் நம்பர், கீழே கட்டத்தில் எக்ஸ்எம்பி-3600 என்ற பத்தி, மூன்றும் ஸ்டிக்கரோடு பொருந்த வேண்டும். பொருந்தினால் டூப்ளிகேட் சந்தேகத்தை ஒதுக்கி வைத்துவிடலாம். அந்தப் பத்தியே இல்லை, அல்லது பார்ட் நம்பர் வேறு என்றால் மட்டும் ஆன்லைன் விற்பனையாளரிடம் உடனே போங்கள்.

பச்சைக் கட்டங்கள்: இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

1.45 வோல்ட் வைத்ததும் விண்டோஸ் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. கறுப்புத் திரை நமக்கு நல்லது, தம்பி. அது முடியாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஓடுகிற மாதிரி ஓடி, எப்போதாவது ஒரு பிட்டை மாற்றிப் போடுகிற ரேம்தான் ஆபத்து.

சில வருஷத்துக்கு முன் என்னிடம் ஒரு ஸ்டுடியோக்காரர் ஹார்ட் டிஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகூர்த்த வீடியோ. மணமேடையும் ஐயரும் தெளிவாக இருக்கிறார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்குகிறார். கெட்டிமேளச் சத்தம் எழும்புகிறது. அந்த இடத்தில் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிதறி, நான்கு விநாடி கழித்து மறுபடி தெளிவாகிறது. அப்போது முடிச்சுப் போட்டாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க் பழுது என்று நினைத்துத்தான் கொண்டுவந்தார். ஹார்ட் டிஸ்கில் ஒரு குறையும் இல்லை. கார்டிலிருந்து காப்பி செய்யும்போது ரேமில் பிழை விழுந்திருக்கிறது. விண்டோஸ் காப்பி முடிந்தது என்று சொன்னது, இவர் கார்டை ஃபார்மட் செய்து அடுத்த விசேஷத்துக்கு எடுத்துப் போய்விட்டார். என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

கார்டிலிருந்து டிஸ்குக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகத்தான் போகிறது. சர்வர்களில் போடும் இசிசி ரேம் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும். நம் மாதிரி டெஸ்க்டாப்பில் போடும் சாதாரண டிடிஆர்4 அதைச் செய்யாது. பிழை விழுந்ததே தெரியாது. அதனால்தான் அந்த மூன்று நாள் காப்பிகளைப் பற்றி முதலிலேயே சொன்னேன். இப்போது 2133-ல் இருக்கும்போது கார்டிலிருந்து அவற்றை மறுபடி காப்பி செய்யுங்கள். டெராகாப்பி மாதிரி, காப்பி செய்தபின் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வசதி உள்ள மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அந்த மூன்று நாளில் எக்ஸ்போர்ட் செய்தவற்றை மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சேமித்த ப்ராஜெக்ட் ஃபைல்களுக்கு முந்தைய ஆட்டோசேவ் இருந்தால் அதை அழிக்க வேண்டாம்.

வோல்டேஜ் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாள் 1.45-ல் ஓடியதால் ரேம் கருகிப் போயிருக்காது. அந்த வோல்டேஜிலேயே விற்கிற டிடிஆர்4-களும் உண்டு. ஆனால் உங்கள் ரேமுக்கு எழுதியிருப்பது 1.35. அதோடு, உங்கள் தடை ரேமில் இல்லை, கன்ட்ரோலரிலும் தடத்திலும் இருக்கிறது. குழாய் சிறியதாக இருக்கும்போது மோட்டாரைத் திணறடித்து என்ன பயன்? பிராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் என்று இன்னொன்று பயாஸில் இருக்கும். யூடியூபில் அதையும் ஏற்றச் சொல்வார்கள். உங்கள் பிராசசருக்கு அது 1.1 பக்கத்தில் இருந்தால் போதும், 1.2-ஐத் தாண்டவே கூடாது. 2023-ல் ரைசன் 7000 வரிசையில், ரேம் வேகத்தை ஆன் செய்ததும் சில மதர்போர்டுகள் தாமாகவே இந்த வோல்டேஜை ஏற்றிவிட்டு, சில பிராசசர்கள் கருகிப்போயின. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்துப் புது பயாஸ் வெளியிட வேண்டியதாயிற்று. உங்களுடையது வேறு தலைமுறை, ஆனாலும் அந்த எண்ணோடு விளையாடக் கூடாது என்பது பொது.

செய்து பார்க்க வேண்டிய வரிசை

கல்யாண வேலைகளை ஒப்படைத்துவிட்டு, கையில் இரண்டு நாள் இருக்கும்போது ஆரம்பியுங்கள். நான்கு ரேமையும் வைத்துக்கொண்டு செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எது காரணம் என்றே தெரியாமல் போய்விடும்.

முதலில் கரண்டைப் பிடுங்கிவிட்டு நான்கையும் கழற்றுங்கள். பழைய ஜோடியை மட்டும், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். அந்த ஸ்லாட்டுகள் தடத்தின் கடைசி முனையில் இருப்பதால் எதிரொலி குறைவு. ரேமின் தங்கப் பல்லில் தூசி இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக அழுத்தி, கிளிப் "டக்" என்று விழ வேண்டும். சத்தம் வராமல் பாதியில் நிற்கும் ரேமை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான புது பயாஸைப் பதியுங்கள். ரேமோடு பேசும் முறையை ஏஎம்டி அவ்வப்போது திருத்தியிருக்கிறது. பழைய பயாஸில் அடம்பிடித்த ரேம் புதியதில் ஒழுங்காக ஓடுவது உண்டு. ஆனால் இதைச் செய்யும்போது கரண்ட் போனால் போர்டே எழாமல் போகலாம். யுபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். முடிந்ததும் எக்ஸ்எம்பி-யை மட்டும் ஆன் செய்யுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். இரண்டு ரேமில் 3600 வந்துவிடும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். வந்தால் உங்கள் கடைக்காரர் கொடுத்த சரக்கு சரியான சரக்கு.

வந்துவிட்டது என்றால் விண்டோஸ் வந்ததை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, நான்கு சுற்று ஓடவிடுங்கள். இரவு போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிவு தெரியும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் தோற்றது. "ஒன்றுதானே" என்று விடுகிற விஷயம் இல்லை இது. இதேபோலப் புது ஜோடியையும் தனியாகப் போட்டுச் சோதியுங்கள். அது தனியாகவே 3600-ல் பிழை காட்டினால்தான் அது குறையுள்ள பொருள். அப்போது வாரன்டி கேட்பது முழுக்க உங்கள் உரிமை.

இரண்டு ஜோடியும் தனித்தனியாகத் தேறிய பிறகு நான்கையும் போடுங்கள். எக்ஸ்எம்பி ஆன் செய்து, உடனே ஃப்ரீக்வென்சியை மட்டும் 3200-க்கு இறக்குங்கள். வோல்டேஜ் 1.35 இருக்கட்டும். பிழை வந்தால் 2933. இரவு முழுக்க மெம்டெஸ்ட், அடுத்த நாள் பகலில், அறை சூடாக இருக்கும் மதிய நேரத்தில், பழைய ப்ராஜெக்ட் ஒன்றை எடுத்து எக்ஸ்போர்ட். கரூர் வெயிலில் ராத்திரி தேறிய ரேம் மத்தியானம் தோற்கலாம். ஏதாவது ஒரு கட்டத்தில் திரையே வராமல் போனால், கரண்டைப் பிடுங்கி, அந்த வட்ட பேட்டரியைச் சில நிமிஷம் கழற்றி வைத்துப் போடுங்கள், பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

3600 கிடைக்காவிட்டால் என்ன இழக்கிறீர்கள்?

கொஞ்சம்தான். கணக்காகவே பாருங்கள். இரண்டு சேனலில் (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே உள்ள இரண்டு பாதைகளில்) 2133 ரேம் விநாடிக்கு அதிகபட்சம் 34 ஜிபி தகவல் தரும், 2933 என்றால் 47, 3200 என்றால் 51, 3600 என்றால் 57 சொச்சம். காத்திருக்கும் நேரத்தைப் பார்த்தால், சிஎல் 18 உள்ள (கேட்ட தகவல் வர 18 துடிப்பு ஆகும்) 3600 ரேமுக்கு 10 நானோ செகண்ட். அதே சிஎல் 18-ஐ வைத்துக்கொண்டு 3200-க்கு இறக்கினால் 11.25. இப்போது நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் 2133, சிஎல் 15 என்றால் 14 நானோ செகண்ட். 2133-லிருந்து 3200-க்குப் போவதுதான் பெரிய படி. ரைசனுக்குள் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போகும் பாதை ரேம் வேகத்தை ஒட்டியே ஓடும்படி அமைத்திருப்பதால், அந்த வித்தியாசம் வேலையிலும் தெரியும். 3200-லிருந்து 3600-க்குப் போவது எடிட்டிங்கில் கண்ணுக்குத் தெரிவது அரிது.

ஆனால் 16 ஜிபி-யா 32 ஜிபி-யா என்பது தெரியும். 4கே டைம்லைனில் ரேம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் டிஸ்கை ரேமாகப் பயன்படுத்த ஆரம்பிக்கும். டிஸ்க் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ரேமுக்குப் பக்கத்தில் வராது. அதனால், இரண்டு ரேமைக் கழற்றிவிட்டு 16 ஜிபி-யை 3600-ல் ஓட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நான்கையும் வைத்து 3200 அல்லது 2933-ல், சோதித்துத் தேறிய நிலையில் ஓட்டுங்கள். நான்கையும் விற்றுவிட்டு ஒரே பெட்டியில் வரும் 16 ஜிபி ஜோடி வாங்குவது இன்னும் சுத்தமான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியிருக்கும் ஏற்றத்துக்கு, இந்த ஒரு காரணத்துக்காகக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

கடைக்காரர் மேல் வழக்கு?

பெட்டியில் எழுதிய பொருளையே அவர் கொடுத்திருக்கிறார். ஒரு செட்டிங்கை ஆன் செய்யாமல் விட்டிருந்தால் அது கவனக்குறைவு. சேவைக் குறைபாடு என்று வாதாட இடமிருக்கலாம். ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்பதும் உண்டு. நீங்கள் வாங்கி மூன்று வருஷம். கிடைக்கக்கூடிய நிவாரணத்தை நினைத்தால், அலைச்சலுக்குக் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. புது ஜோடி நான் சொன்ன சோதனையில் தனியாகவே தோற்று, விற்பனையாளர் மாற்றித் தர மறுத்தால் அது வேறு விஷயம். அப்போது பில், ஸ்டிக்கர் படம், மெம்டெஸ்ட் திரையின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

உங்கள் ஆதங்கம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டியில் பெரிதாக ஒரு வேகத்தைப் போட்டு, அது தானாக வராது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்காவில் கோர்செயர் நிறுவனத்தின் மேல் வாடிக்கையாளர்கள் கூட்டு வழக்குப் போட்டார்கள். 2025-ல் அந்த நிறுவனம் 55 லட்சம் டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால், "பயாஸில் ஆன் செய்ய வேண்டும், உங்கள் பிராசசரையும் போர்டையும் பொறுத்தது" என்று எல்லாப் பெட்டியிலும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.

இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இன்டெல்லில் எச்510, எச்610 போர்டு வைத்திருந்தால் எக்ஸ்எம்பி-யை எத்தனை முறை ஆன் செய்தாலும் பிராசசருக்கு எழுதிய வேகத்துக்கு மேல் போகாது. எச்610-ல் டிடிஆர்4 என்றால் 3200-தான் எல்லை. அங்கே 3600 ரேம் வாங்குவது வீண் செலவு. பி560, பி660 போர்டுகளில் அந்தத் தடை இல்லை. அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5-க்கு மாற நினைப்பவர்கள் நான்கு ரேம் ஆசையை விட்டுவிடுங்கள்: ரைசன் 7000-க்கு இரண்டு ரேமில் 5200 என்று எழுதும் ஏஎம்டி, நான்கு போட்டால் 3600 என்றுதான் எழுதுகிறது. எவ்வளவு ஜிபி வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து, ஒரே பெட்டியில் இரண்டாக வாங்குங்கள்.

தம்பி, கார்டுகளை மறுபடி காப்பி செய்து சரிபார்த்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ரேம் சோதனை முடிவை அப்புறம் மெதுவாக அனுப்பினால் போதும். அனுப்பும்போது நான்கு ரேமின் ஸ்டிக்கரையும் வெர்ஷன் எண் தெரியும்படி கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள்.